நான் ஒருவன் கவனமாக வாழ்ந்தால் என்ன ஆகிவிடும்?

“முகம் தெரியாதவர்களுக்காக நான் ஏன் பார்த்துப் பார்த்து வாழ வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூர்க்காரனான எனக்கு இதற்குப் பதில் பாலாறுதான்.

நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் ஆறு ஆந்திரத்தைக் கடந்து நம்மிடம் வந்து, வயலூர் அருகே கடலில் சேர்கிறது. நடுவே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை. அங்குள்ள தோல் தொழிலில், தோல் அழுகாமலிருக்க உப்பைத் தடவுகிறார்கள். கழுவும்போது அந்த உப்பு தண்ணீரோடு போகிறது. தோலைப் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகமும் கூடவே போகும். குரோமியத்தையாவது பிரித்துவிடலாம், கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு பிரிக்காது. என் உறவினர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. தென்னையும் காய்ப்பு குறைந்துவிட்டது. அந்தத் தோலோ காலணியாகி ஐரோப்பாவில் நடக்கிறது!

தொழிலை மட்டும் திட்டமாட்டேன். பல வீட்டு அடுப்பு அதனால்தான் எரிகிறது. “மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும்” என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தத் தோல் கழிவு பற்றிய வேலூர் வழக்கில்தான். வாங்குகிற நம்மைப் பற்றி எந்தத் தீர்ப்பும் இல்லை.

போன மாதம் என் பழைய செருப்பைச் சத்துவாச்சாரியில் தைக்கக் கொடுத்தேன். “இன்னும் இரண்டு வருஷம் தாங்கும்” என்றார் பெரியவர். நாற்பது ரூபாய்தான் வாங்கினார்.