புழு முட்டைக்குள்ள யாரு இழுக்கறா? உங்க கேள்விகளுக்கு பதில்

போன வாரம் ராயபுரத்துல பிளஸ் டூ பசங்களுக்கு ஒரு புழு முட்டை முதல் தடவையா ரெண்டா பிரியற வீடியோ போட்டுக் காட்டினேன், அதுல இருந்து கேள்வி வந்துகிட்டே இருக்கு, அதான் எல்லாத்துக்கும் சேத்து இங்க பதில் போட்டுடறேன்.

அக்கா, எங்க புக்ல செல்லு சரிபாதியா பிரியற மாதிரிதான் படம் இருக்கு. உங்க வீடியோல ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னது. அது தப்பா பிரிஞ்சிடுச்சா? (பிளஸ் டூ மாணவி, தண்டையார்பேட்டை)

இல்லம்மா, அது அப்படித்தான் பிரியணும். இந்தப் புழு பேரு சி. எலிகன்ஸ், வளந்தாலே 1 மில்லிமீட்டர்தான், முட்டை நீளம் ஏறக்குறைய 50 மைக்ரோமீட்டர், கண்ணாடி மாதிரி இருக்கறதால உள்ள நடக்கறது அப்படியே தெரியும். முதல் பிரிவுல முன்பக்கம் வர்ற பெரிய செல்லுக்கு ஏபி, பின்பக்கம் வர்ற சின்னதுக்கு பி1, கிட்டத்தட்ட 60க்கு 40. பி1 வம்சத்துலதான் பின்னாடி முட்டையும் விந்தும் உண்டாக்கற செல்லு வரும், ஏபிக்கு அந்த வேலை கிடையாது. குரோமோசோமைப் பிரிக்கற ஸ்பிண்டில் இருக்குல்ல, உங்க புக்ல கதிர்கோல்னு போட்டிருப்பாங்களே, அதோட நடு எங்க நிக்குதோ அங்கதான் செல்லு வெட்டுப்படும். அதனால ஸ்பிண்டில் எந்த இடத்துல நிக்குதுங்கறதுதான் இங்க எல்லாமே.

அது நடுவுலதானே உருவாகுது, பின்னாடி யாரு இழுக்கறா? இழுக்கறாங்கன்னு எப்படி கண்டுபுடிச்சாங்க? (காலேஜ் பையன், காசிமேடு)

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது. பொங்கலுக்கு தெருவுல கயிறு இழுக்கற போட்டி நடக்கும்ல, ரெண்டு டீமும் மூச்சப் புடிச்சு இழுக்கும்போது கயிறு அசையாமலே நிக்கும், அந்த நேரத்துல போட்டோ எடுத்துப் பாத்தா எந்தப் பக்கம் எவ்ளோ பலம்னு சொல்லவே முடியாது. ஆனா நடுவுல கயித்த அறுத்து விட்டா? செல்லுக்குள்ள இதையேதான் செஞ்சாங்க. ஸ்டீபன் கிரில்லும் கூட இருந்தவங்களும் 2001-ல ஸ்பிண்டிலோட நடுப்பாகத்த லேசர் வச்சு வெட்டினாங்க, வெட்டின உடனே ரெண்டு முனையும் ஆளுக்கொரு பக்கமா பிச்சுக்கிட்டு ஓடுச்சு, அதுல பின்பக்க முனை இன்னும் வேகமா, இன்னும் தூரமா போச்சு. அப்போ ஸ்பிண்டில் முனைங்கள வெளியில இருந்து இழுக்கறாங்க, பின்னாடிதான் இழுப்பு ஜாஸ்தி.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. உங்க ஏரியால போட்டு இன்ஜின ஆஃப் பண்ணாலும் கொஞ்ச தூரம் மெதந்துகிட்டே போகும், செல்லுக்குள்ள அந்தக் கதையே கிடையாது, அவ்ளோ சின்ன சைஸ்ல சுத்தி இருக்கறதெல்லாம் கெட்டிப் பாகு மாதிரி, இழுக்கறத விட்டா அடுத்த நொடியே நின்னுடும். அதனாலதான் எவ்ளோ வேகமா ஓடுதுங்கறத வச்சே எவ்ளோ விசைன்னு கணக்குப் போட முடியுது.

2003-ல அதே ஆளுங்க ஒரு படி மேல போனாங்க. ஸ்பிண்டில் முனைல இருக்கற சென்ட்ரோசோமையே லேசரால உடைச்சாங்க, துண்டுங்க எல்லாப் பக்கமும் செதறி ஓடுச்சு, ஒவ்வொண்ணும் ஓடற வேகம் எவ்ளோ மாறுதுன்னு பாத்து, பின்பக்கம் இழுக்கற ஆளுங்களோட எண்ணிக்கைதான் ஜாஸ்தி, ஒவ்வொரு ஆளோட பலம் இல்லன்னு சொன்னாங்க. வெட்டாம வெறுமனே உத்துப் பாத்துகிட்டே இருந்திருந்தா இது தெரிஞ்சே இருக்காது.

இழுக்கற "ஆளு"ன்னா இன்னா? (அதே பையன்)

டைனின்னு ஒரு மோட்டார் புரோட்டீன். போட்டுல வின்ச்சு இருக்குல்ல, அது டெக்குல போல்ட்டு போட்டு நிக்குது, கயிறுதான் அதுகிட்ட வருது. கயிறுன்னா மைக்ரோடியூபுல், சென்ட்ரோசோம்ல இருந்து செல்லு ஓரம் வரைக்கும் நீளற புரோட்டீன் குழாய். டைனின் சும்மா விட்டா மைக்ரோடியூபுல் மேல சென்ட்ரோசோம் பக்கமா நடக்கும், ஆனா இங்க அத செல்லோட உள்சுவத்துல, அதாவது செல் சவ்வோட உள்பக்கத்துல, லின்-5, ஜிபிஆர்-1, ஜிபிஆர்-2ன்னு சில புரோட்டீனுங்க, அப்புறம் ஒரு ஜி புரோட்டீன்னு சேந்து கட்டிப் போட்டிருக்கு, அதால நடக்க முடியாது, அதனால மைக்ரோடியூபுல் அதுகிட்ட வருது, அதோட ஒட்டியிருக்கற சென்ட்ரோசோமும் சேந்து வருது. இழுக்க இழுக்க மைக்ரோடியூபுல் நுனியும் கரைஞ்சு குட்டையாகும்.

பின்னாடி ஏன் ஜாஸ்தின்னா, விந்து நுழையற பக்கம்தான் புழுவுக்கு பின்பக்கம்னு முடிவாகுது, அதுக்கப்புறம் பார் புரோட்டீன்ங்க பார்-3, பார்-6 முன்பக்கமும் பார்-1, பார்-2 பின்பக்கமும் சுவத்தப் பங்கு போட்டுக்குது, அதுக்கேத்த மாதிரி ஜிபிஆர் பின்னாடி ஜாஸ்தி சேருது. இந்த பார் ஜீன்கள கென்னத் கெம்ஃப்யூஸ் குழு 1988-ல கண்டுபிடிச்சாங்க, அது கெட்டுப்போன முட்டைங்கள்ல முதல் பிரிவு சரிபாதியா நடக்கும், கரு பொழைக்காது. சரிபாதின்னா நல்லதுன்னு நாம நினைக்கறோம், இந்தப் புழுவுக்கு அது சாவு.

வீடியோல பின்பக்க முனை மேலயும் கீழயும் ஆடுதே? (எண்ணூர்)

ரெண்டு ஓரத்துல இருக்கற மோட்டாருங்க மாறி மாறி ஜெயிக்குது. ஜெயிக்கற பக்கம் லோடு கம்மி, அதனால விடாம பிடிச்சுக்கும், தோக்கற பக்கம் லோடு தாங்காம கைய விட்டுடும், ஒரு அளவுக்கு மேல போனதும் திரும்ப இந்தப் பக்கம்.

ஸ்பிண்டில் முதல்ல நடுவுக்கு வர்றது எப்படி? (டீச்சர், பெரம்பூர்)

இதுல ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள இன்னும் சண்டை தீரல டீச்சர். சுவத்துல இருந்து இழுக்கறது மட்டும்னா எந்தச் சுவரு பக்கத்துல இருக்கோ அங்கயே போய் ஒட்டிக்கற ஆபத்து இருக்கு. ஒரு கட்சி, மைக்ரோடியூபுல் வளந்து சுவத்துல முட்டித் தள்ளுது, குட்டையானது வளையாம பலமா தள்ளும், நீளமானது வளைஞ்சுடும், அதனால நடுவுக்கு வருதுங்கறாங்க. 2016-ல காந்த மணிய உள்ள வச்சு ஸ்பிண்டில நகத்திப் பாத்தவங்க இந்தப் பக்கம். இன்னொரு கட்சி, டைனின் சின்னச் சின்னப் பைங்கள சென்ட்ரோசோம் பக்கமா சுமந்துட்டு வர்றப்ப எதிர்விசை உண்டாகுது, நீளமான மைக்ரோடியூபுல்ல சுமை ஜாஸ்தி, அதனால நீளமான பக்கமா இழுபடுதுங்கறாங்க. ரெண்டும் சேந்து நடக்குது, எந்த நேரத்துல எது ஓங்கியிருக்குங்கறதுதான் பிரச்சனைன்னு நான் நம்பறேன்.

எனக்கு கவுட்ங்கற மூட்டுவலிக்கு கோல்சிசின் மாத்திரை கொடுத்தாங்க. அதுவும் செல்லு பிரியறத நிறுத்துமாமே? (திருவொற்றியூர், ஒரு ஐயா)

ஆமாங்க ஐயா. அது நம்ம கண்வலிக்கிழங்குல இருக்கறதுதான், நம்ம மாநிலப் பூ செங்காந்தளோட செடி. மைக்ரோடியூபுலக் கட்டற செங்கல்லு மாதிரி டியூபுலின்னு ஒரு புரோட்டீன், கோல்சிசின் அதுல ஒட்டிக்கும், மைக்ரோடியூபுல் வளர முடியாது, கயிறே இல்லன்னா இழுக்கறது எங்க? டாக்டர் சொன்ன அளவத் தாண்டவே தாண்டாதீங்க, கிழங்க சாப்பிட்டா உயிரே போகும்.

நாங்களும் பாக்க முடியுமா? (நாலஞ்சு பேர்)

முடியும். மட்கின காய்கறிக் குப்பைய டிஷ்யூல வச்சு, அடிய அடைச்சு தண்ணி ஊத்தின புனல்ல ஒரு ராத்திரி விடுங்க, புழுங்க கீழ எறங்கும். எல்லாம் எலிகன்ஸா இருக்காது, பரவால்ல. எலிகன்ஸ வளக்கணும்னா 15-ல இருந்து 25 டிகிரி வேணும், நம்ம ஊரு மே மாசத்துல ஏசி இல்லாம ஆகாது. வயித்துல முட்டை தெரியற புழு மாட்டினா ஸ்கூல் மைக்ராஸ்கோப்ல 400 மடங்கு வச்சுப் பாருங்க, ரெண்டு செல்லு நிலைல இருக்கற முட்டை கிடைச்சா எது பெருசுன்னு அளந்து எனக்கு எழுதுங்க.