பாடசாலை என் 15 வயது மகனை, ஆட்கள் தீவிரவாதத்துக்குள் இழுபடாமல் தடுக்கும் பிரித்தானிய அரசின் 'பிரிவென்ட்' திட்டத்துக்குப் பரிந்துரைத்துள்ளது. அதன்கீழ் வழிகாட்டி போன்றோரைக் கொண்டு தனிப்பட்ட முறையில் கொடுக்கும் 'சனல்' உதவிக்குச் சம்மதிக்கலாமா?

சம்மதியுங்கள் என்றே சொல்வேன். லண்டனில் ஓர் உயர்நிலைப் பாடசாலையில் பதினொரு ஆண்டுகளாக வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். இத்தகைய பரிந்துரையை என் கையால் எழுதியிருக்கிறேன் என்பதால் உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. நீங்களும் இலங்கையிலிருந்து வந்தவராயின், 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலங்களில் நம்மவரிடம் கையெழுத்து வாங்கிய பொலிஸ்தான் உங்கள் நினைவுக்கு வரும். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

இங்கே நடப்பது இதுதான். பரிந்துரை கிடைத்ததும், அந்தப் பெயர் நடந்துகொண்டிருக்கும் விசாரணை எதிலாவது உள்ளதா என்று பொலிஸ் முதலில் பார்க்கும். இல்லையென்றால் பாடசாலையிடமும் சமூக சேவையிடமும் தகவல் திரட்டி, உள்ளூர்க் கவுன்சில் தலைமையில் கூடும் சனல் குழுவுக்கு அனுப்புவதா, கோப்பை மூடுவதா என்று முடிவெடுக்கும். சம்மதமின்றிச் சனல் உதவி தொடங்காது. குற்றப்பதிவும் ஏற்படாது, ஆனால் பொலிஸின் தரவுத்தளத்தில் பெயர் இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

2018இல் என் வகுப்பில் 14 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில், அமெரிக்கப் பாடசாலைகளில் நடந்த துப்பாக்கிச் சூடுகளின் திகதிகளை நீல மையிலும், இறந்தவர்களின் எண்ணிக்கையைச் சிவப்பு மையிலும், அடிமட்டம் வைத்துக் கோடிழுத்து அட்டவணையாக எழுதியிருந்தான். கடைசி வரிசையில் திகதி இல்லை, எண்ணும் இல்லை, கட்டம் மட்டும் வரைந்திருந்தான். அதைப் பார்த்த அன்று இரவு நான் உறங்கவில்லை.

படிவத்தை நிரப்பும்போது ஒரு பிழை செய்தேன். அவனைக் காட்டிக்கொடுப்பதாக மனம் உறுத்தியதால், 'அமைதியான, மரியாதையான பிள்ளை' என்று முதல் வரியிலேயே எழுதி, அந்த வெற்றுக் கட்டத்தைப் பற்றி எழுதாமல் விட்டேன். சாதாரண உடையில் வந்த பெண் பொலிஸ் உத்தியோகத்தர் என்னிடம் பொறுமையாகத்தான் பேசினார். அக்காலத்தில் அவர்கள் கையிலிருந்த மதிப்பீட்டுமுறையில் ஈடுபாடு, நோக்கம், திறன் என்ற மூன்று தலைப்புகளில் 22 காரணிகள் இருந்தன. அவன் எந்தக் கொள்கையையும் பின்பற்றவில்லை என்பதால் கோப்பு மூடப்பட்டது. மூடிய செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து நானே கேட்டுத்தான் அறிந்தேன். இன்றும் அது எனக்கு ஆறாத கோபம்.

இரண்டாவது கொப்பி கிடைத்தபோது மறுபடியும் எழுதினேன், இம்முறை எதையும் விடாமல். குழு ஏற்றுக்கொண்டது, தாய் சம்மதித்தார். புதன்கிழமை தோறும் ஒரு வழிகாட்டி வந்து அவனுடன் நூலகத்தின் மூலையில் அமர்ந்து பேசினார். சக மாணவர்கள் அவனை இரண்டு ஆண்டுகளாக அடித்துவந்தது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. பாடசாலையில் அத்தனை பேர் இருந்தும் எவருக்கும் அது தெரியாமல் போயிற்று.

பிள்ளைகளை உளவு பார்க்கும் திட்டத்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாகச் சிலர் சொல்லக்கூடும். 2015 ஜூலையில் இது பாடசாலைகளுக்குச் சட்டக் கடமையான பின், லூட்டனில் நான்கு வயதுப் பிள்ளை 'கியூகம்பர்' (வெள்ளரிக்காய்) என்றதை 'குக்கர் பொம்' (குக்கர் வெடிகுண்டு) என்று கேட்டு ஊழியர்கள் பதறிய செய்தியை நானும் அறிவேன். முஸ்லிம் பெற்றோரின் அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் இங்கிலாந்தின் சௌத்போர்ட் நகரில் 2024 ஜூலை 29 அன்று மூன்று சிறுமிகளைக் கொன்றவன், 2019க்கும் 2021க்கும் இடையில் மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டவன். தெளிவான கொள்கை இல்லை என்பதற்கே அளவுக்கு மீறி முக்கியத்துவம் கொடுத்து, அவன் கோப்பை உரிய காலத்துக்கு முன்பே மூடிவிட்டார்கள் என்று பின்னர் நடந்த மீளாய்வு கூறியது. அதை வாசித்தபோது, என் வகுப்புப் பையனின் முதற் கோப்புத்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆகவே உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது மகனுக்கு நற்சான்று கொடுப்பதிலேயே நேரத்தைச் செலவிடாதீர்கள். அவன் எத்தனை மணிக்கு உறங்குகிறான், யாருடன் பேசுவதை நிறுத்தினான், எப்போதிலிருந்து கதவைப் பூட்டுகிறான் என்பவற்றைச் சொல்லுங்கள். கோப்பை மூடினால் அடுத்த திங்கட்கிழமை முதல் பிள்ளையை யார் கவனிப்பார் என்று கேட்டு, அவருடைய பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள்.