'திருடன்' எப்படி 'ரொம்ப' ஆனான்?

சீனாவின் ஷென்யாங்கில் மருத்துவம் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "விடுதியில் சாப்பாடு நன்றாக இருந்தால் எல்லோரும் சீனத்தில் 'ஸெய் ஹாவ்ச்சி' (ரொம்ப ருசி) என்கிறார்கள். அதையே கட்டுரையில் எழுதினேன். ஆசிரியை சிவப்பு மையில் அடித்துவிட்டார். யார் சொல்வது சரி?"

இரண்டு பேருமே சரிதான் தம்பி. ஸெய் என்றால் திருடன். ஆனால் உங்கள் லியாவ்நிங்கிலும் பக்கத்து ஜிலின், ஹெய்லாங்ஜியாங் மாகாணங்களிலும் பேச்சில் அதுவே 'ரொம்ப'. நாம் 'பயங்கர ருசி' என்கிறோமே, யாராவது பயந்தா சாப்பிடுகிறார்கள்? சமையல்காரரிடம் தாராளமாகச் சொல்லுங்கள், கூட ஒரு கரண்டி வைப்பார். கட்டுரைக்கும் பேராசிரியருக்கு எழுதும் கடிதத்துக்கும் 'மிகவும்' என்று பொருள்படும் 'ஃபெய்ச்சாங்' போதும். இளைஞர்கள் 'ரொம்ப'வுக்குச் சொல்லும் 'ச்சாவ்', 'ஜுய்' இரண்டுக்கும் இதே கணக்குதான்.

நம் பிள்ளைகள் உண்மையில் வழுக்கி விழுவது வேறு இடத்தில். 'தாய்', 'திங்' இரண்டும் 'ரொம்ப' வகைச் சொற்கள்தான். 'தாய்' என்று தொடங்கினால் பொதுவாகக் கடைசியில் 'ல' வரும்: தாய் குய் ல, அதாவது விலை ரொம்ப அதிகம். 'திங்' என்றால் பெரும்பாலும் 'த' வரும்: திங் ஹாவ் த, பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறது. இதை மனப்பாடம் செய்தவர்கள் 'பு தாய் ஹாவ்' என்பதற்கும் கொண்டுபோய் 'ல' ஒட்டுகிறார்கள். அங்கே அது வேண்டாம், ஏனென்றால் முன்னால் 'இல்லை' என்று மறுக்கும் 'பு' வந்ததுமே 'தாய்' தன் வேகத்தை இழந்து 'அவ்வளவாக நன்றாயில்லை' என்று இறங்கிவிடுகிறது, பல நேரம் அது 'மோசம்' என்பதை நாசூக்காகச் சொல்வதுதான். நோயாளி 'பு தாய் ஹாவ்' என்றால் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'பு' போட்டால் எல்லாம் இப்படி இறங்கும் என்று நினைத்து 'பு ச்சாவ் ஹாவ்', 'பு திங் ஹாவ்' என்று ஆரம்பிக்காதீர்கள், அந்த அர்த்தத்தில் அப்படி யாரும் பேசுவதில்லை.

முப்பது நாளில் சீனர் மாதிரி பேசலாம் என்று பட்டியல் விற்கிறார்களே, அட்மிஷன் வாங்கித் தருகிற ஏஜென்டுகளே சிலர் 'மொழிப் பயிற்சிக் கட்டணம்' என்று அதையும் சேர்த்துத் தலையில் கட்டுகிறார்கள். நூறு சொல் இருக்கும், எதை எந்த ஊரில் யாரிடம் சொல்லலாம் என்று ஒரு வரி இருக்காது. காசு கொடுக்காதீர்கள், விடுதிச் சமையலறையில் இலவசமாகவே கிடைக்கிறது.

பாடப்புத்தகங்களும் லேசுப்பட்டவை அல்ல. முதல் பாடத்திலேயே 'ஹென் என்றால் மிகவும்' என்று போட்டுவிடுகிறார்கள். 'தா ஹென் காவ்' என்றால் பெரும்பாலும் 'அவன் உயரம்', அவ்வளவுதான். ஹென்னை எடுத்துவிட்டால் யாரோடோ ஒப்பிடுவது போல வாக்கியம் பாதியில் தொங்கும், அதற்காகத்தான் அது அங்கே நிற்கிறது. இதைச் சொல்லித்தர ஐந்து நிமிடம் ஆகாது, ஆனால் தேர்வில் கேட்க மாட்டார்களாம், அதனால் சொல்லித்தர மாட்டார்களாம்.

அப்புறம், வார்டில் யாராவது 'தெங் ஸு ல' என்றால் பதறாதீர்கள். ஸு என்றால் சாவுதான். ஆனால் அவர் சொல்வது நம் ஊர் 'வலி உயிர் போகுது'.