மாலைதீவின் கான் தீவில் விமான நிலையம் எப்படி வளர்ந்தது?

பாதி விடை நம் கட்டுநாயக்கவில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை கானில் ஓடுபாதை அமைத்தது. 1957இல் இலங்கை தன் மண்ணிலிருந்த தளங்களைத் திரும்பப் பெற்றபோது, கட்டுநாயக்கவை விட்ட பிரித்தானிய விமானப்படை அங்கே போனது. அதற்காகக் கான் மக்களைப் பக்கத்துத் தீவான பேதூவுக்கு அனுப்பினார்கள். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும்.

1976இல் படை வெளியேறியதும் பலர் வேலை இழந்து தலைநகர் மாலே பக்கத்து உல்லாச விடுதிகளுக்குப் போனார்கள். அப்புறம் கானிலும் சுற்றுலா வந்தது, ஓடுபாதையும் நீண்டது.

2016 டிசம்பரில் ஸ்ரீலங்கன் விமான நிறுவனம் கொழும்பிலிருந்து கானுக்கு நேரடிச் சேவை தொடங்கியது. சிகிச்சைக்கும் படிப்புக்கும் கொழும்பு வரும் அந்தப் பகுதி மக்கள் அதுவரை பெரும்பாலும் 500 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே மாலே போய்த்தான் விமானம் மாறினார்கள்.