மாமரமும் ரோஜாவும்

அன்புள்ள ஐயா,

அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறேன். சென்னைப் புழுக்கம் போதும் என்றாகிவிட்டது. ஐந்து சென்ட் மனை, சின்ன வீடு, சுற்றிலும் தோட்டம் என்பது நெடுநாள் ஆசை. இப்போது மொட்டைமாடித் தொட்டியில் ஒரு அடுக்குச் செம்பருத்திதான் இருக்கிறது. ஓசூர் குளுகுளுவென்று இருக்குமாமே? தர்மபுரியில் மனை விலை குறைவு என்கிறார்கள். ஒரு மாமரமும் நிறைய ரோஜாவும் வேண்டும். எந்தப் பக்கம் போகலாம்?

ஆர்., அம்பத்தூர்

அன்புள்ள ஆர்.,

ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தர்மபுரி அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். வெயில் கணக்கில் இரண்டரை, மூன்று டிகிரிதான் வித்தியாசம் வரும். நமக்கு அது ஒரு ஃபேன் விஷயம். செடிக்கு அப்படியில்லை. தர்மபுரியிலிருந்து ஓசூருக்கு ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாருங்கள், தெரியும். பாலக்கோடு வரை தென்னையும் மாவும். ராயக்கோட்டையில் தக்காளி. கெலமங்கலம் தாண்டினால் கோஸ், பீன்ஸ், வெள்ளை வெள்ளையாகப் பசுமைக்குடில்கள்.

காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் தாஜ்மகால் ரோஜா அந்தக் குடில்களுக்குள்தான், சொட்டுநீரும் மருந்துமாக வளர்கிறது. ஓசூரில் மனை வாங்கிவிட்டால் அந்தப் பூ வாசலில் பூத்துவிடாது. பன்னீர் ரோஜாவும் பட்டன் ரோஜாவும் போதும் என்றால் தர்மபுரியிலும் வரும். மத்தியான வெயிலுக்குக் கொஞ்சம் நிழல் கொடுத்தால் சரி.

அதனால் மாமரத்தை முன்னால் வைத்து யோசியுங்கள் என்பேன். ரோஜாத் தொட்டியை நகர்த்தலாம், மாமரத்தை முடியாது. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, இதுதான் மாவுக்கு வாகான இடம். பெங்களூரா வைக்காதீர்கள், அது கூழ் ஃபேக்டரிக்குப் போகிற காய். வீட்டுக்குச் செந்தூரா வையுங்கள்.

இனி தண்ணீர். நான் ராயக்கோட்டைப் பக்கம் மனை பார்த்தது மார்கழியில். பனி, பக்கத்துத் தோட்டத்தில் கைக்கெட்டும் கிணற்றுத் தண்ணீர். "வருஷம் பூரா இப்படித்தான் சார்" என்றார் தரகர். சித்திரையில் அதே கிணற்றில் வாளி பாறையில் மோதி 'டங்' என்றது. எண்ணூறு அடி போர் போட்டேன், புழுதிதான் பறந்தது. இரண்டு கோடை லாரித் தண்ணீரில் ரோஜா வளர்த்தேன். ஒரு பூ என்ன விலை விழுந்தது என்று வீட்டில் சொல்லவில்லை.

தண்ணீர் இருந்தாலும் எப்படிப்பட்ட தண்ணீர் என்று பார்க்க வேண்டும். தர்மபுரிப் பக்கம் பல போர்களில் ஃபுளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறை விழும். குடிப்பதற்கு 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்துவிட்டது. தோட்டத்துக்கு போர்தான் கதி. பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியின் விளிம்பை விரலால் சுரண்டுங்கள். சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக உதிர்ந்தால் உப்புத் தண்ணீர், ரோஜா இலை ஓரம் கருகும். மண்ணையும் கடப்பாரையால் ஓரிடத்தில் குத்திப் பாருங்கள். ஒன்றரை அடியில் சுக்கான் என்கிற சுண்ணாம்புப் பாறை தட்டினால் மாமரத்துக்கு அந்த மனை வேண்டாம்.

தளி, தேன்கனிக்கோட்டை குளிர்ச்சிதான், அழகுதான். ஆனால் காட்டோரமாக மனை பார்த்தால் பலா மட்டும் வைக்காதீர்கள். யானைக்குப் பத்திரிகை வைத்த மாதிரி. கேழ்வரகு அறுப்பு சமயத்தில் அங்கே ராத்திரி பூராவும் பட்டாசுச் சத்தம் கேட்கும்.

என்னைக் கேட்டால் காவேரிப்பட்டணத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில் தேடுங்கள். மனை பார்க்கச் சித்திரையில் வாருங்கள், மத்தியானம் மூன்று மணிக்கு. அப்புறம், அந்த அடுக்குச் செம்பருத்தியில் பென்சில் கனத்தில் இரண்டு குச்சி வெட்டி, ஈரத்துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். இங்கே எனக்கு ஒற்றைதான் கிடைத்தது.