ஜோக்கே அடிக்காத பொண்ணு – கடிதமும் பதிலும்

தம்பிக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டைல இருந்து எழுதறேன். பேர் போட வேணாம், பொண்ணு பாத்தா சண்டைக்கு வருவா. காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறா. அங்க பசங்க சேந்து இம்ப்ரோவ் காமெடின்னு ஒரு டீம் வெச்சிருக்காங்க, போன வாரம் ஷோ, பேரன்ட்ஸும் வரலாம்னாங்க, நானும் வீட்டம்மாவும் போனோம். ஸ்கிரிப்ட் கிடையாதாம், ரிகர்சல் கிடையாதாம், கூட்டத்துகிட்ட ஒரு எடம் கேக்கறாங்க, சொன்ன ஒடனே நடிக்கறாங்க. யாரோ ரேஷன் கடைன்னு கத்துனாங்க. என் பொண்ணு கடைக்காரம்மா. ஒரு பையன் தாத்தாவா வந்தான். இவ அவன் விரலை புடிச்சு மெஷின்ல வெக்கிற மாதிரி வெச்சு "விழல தாத்தா"ங்கறா, துப்பட்டால தொடைக்கறா, அடுத்த விரல், அதுவும் விழல, திரும்ப தொடைக்கறா, இதே வேலை. அப்புறம் "கையெல்லாம் ஏன் எண்ணெய், காலைல பாமாயில் வாங்கிட்டு போனது நீங்கதானா"ன்னு கேட்டா. அவன் "நான் இல்லம்மா, என் தம்பி"ன்னான். ஒடனே இன்னொரு பையன் அதே கூன் முதுகோட வழுக்கி வழுக்கி வந்து "அண்ணே, எனக்கு ரேகை விழுந்துருச்சுண்ணே"ன்னான் பாருங்க, ஹாலே அதிர்ந்துச்சு. அதுக்கப்புறம் ஒருத்தன் உள்ள பூந்து "கட் கட், இது ரேஷன் கடை இல்ல, ஷூட்டிங்"னான், அதுக்கும் சிரிப்புதான், ஆனா அப்புறம் எல்லாரும் முழிச்சிகிட்டு நின்னாங்க, ஒரே இழுவை.

கேள்வி ரெண்டு. வழுக்கிட்டு வந்தானே அந்த எண்ணெய் பையன் கில்லாடி, என் பொண்ணு ஒரு ஜோக் கூட அடிக்கல, இவளுக்கு இதெல்லாம் வருமா? ரிகர்சலே இல்லாம மேடை ஏர்றத கலைன்னு சொல்லலாமா?

– ஒரு வாசகர்

அண்ணே வணக்கம்.

நீங்க அனுப்புன லெட்டரையே இன்னொரு வாட்டி படிங்க, அன்னிக்கு யார் நல்லா பண்ணாங்கன்னு நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க, கவனிக்கல, அவ்ளோதான்.

எண்ணெய் பையன் வர்றதுக்கு முன்னாடி மேடைல என்ன இருந்துச்சு? ஒண்ணுமில்ல. அங்க மெஷினை கொண்டாந்து வெச்சது உங்க பொண்ணு, அதுவும் "இதோ பாருங்க மெஷின்"னு சொல்லாம, ஒரு விரலை புடிச்சு அழுத்தியே. நம்ம ஏரியால இதுக்கு விளக்கமே வேணாம். வலை இழுத்த கை, மூட்டை தூக்குன கை, ரேகை தேஞ்சு போயி வயசானவங்க பாதி பேரு லைன்ல நின்னு முந்தானைல விரலை தொடச்சிகிட்டே இருப்பாங்க. மொத வாட்டி தொடைக்கறப்ப என்ன பண்றான்னு பாப்போம், ரெண்டாவது வாட்டி அட நம்ம கடைடான்னு புரிஞ்சிரும், மூணாவது வாட்டி ஏதோ வரப்போகுதுன்னு உக்காந்திருப்போம், கரெக்டா அங்க எண்ணெயை எடுத்து விட்டா பாருங்க. 25 ரூபா பாமாயில், ஒரு திருட்டு, மாட்டிகிட்ட தாத்தா, மூணும் ஒரே கேள்வில. தாத்தா பையனும் லேசுப்பட்டவன் இல்ல, "எண்ணெயா, இல்லியே"ன்னு சொல்லியிருந்தா கதை அங்கயே படுத்திருக்கும், அவன் எண்ணெயை ஒத்துகிட்டு தம்பி மேல பழிய போட்டான். அடுத்தவன் வந்து வழுக்கினா போதும்னு ஆயிருச்சு. அந்த பையனை நான் குறைச்சு சொல்லல, ரெண்டு செகண்டு லேட்டா வந்திருந்தா சொதப்பியிருக்கும். ஆனா கைதட்டு யாருக்கு விழுதுங்கறத வெச்சு இந்த ஷோவை பாத்தீங்கன்னா எப்பவும் கடைசி ஆளுக்குத்தான் மார்க் போடுவீங்க.

ஷூட்டிங்னு கத்துன தம்பி விஷயத்துக்கு வரேன். இதை அவங்க பாஷைல டினயல்னு சொல்வாங்க. எதிர்ல இருக்கறவன் கஷ்டப்பட்டு கட்டுனத இல்லன்னு சொல்லிட்டா சட்டுனு ஒரு சிரிப்பு வரும், கண்டிப்பா வரும், அதனாலதான் புதுப்பசங்க எல்லாம் அதுல போயி விழறாங்க. அந்த ஒரு சிரிப்புக்கு விலை என்னன்னா விரல் போச்சு, எண்ணெய் போச்சு, தாத்தா மாட்டுனாரா தப்பிச்சாரான்னு காத்துகிட்டிருந்த கூட்டமும் போச்சு, மத்த மூணு பேரும் முழிக்காம என்ன பண்ணுவாங்க? அவனே லைன்ல அடுத்த ஆளா வந்து "அந்த எண்ணெயை எனக்கும் கொஞ்சம் தடவுங்க, ஒரு மாசமா ரேகை விழல"ன்னு கேட்டிருந்தா இன்னும் பத்து நிமிஷம் ஓடியிருக்கும். இதை அவங்கிட்ட யாராச்சும் சொன்னா நல்லது, உங்க பொண்ணு சொல்ல வேணாம், சண்டையாயிரும்.

ரிகர்சல் இல்லன்னு சொன்னாங்களா, பொய். வசனத்துக்குத்தான் ரிகர்சல் கிடையாது. பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு காலேஜ் வராண்டால இப்படி ஒரு டீம் பிராக்டிஸ் பண்றத பாத்திருக்கேன். நியூ சாய்ஸ்னு ஒரு கேம். ஒருத்தி "அம்மா பசிக்குது"ங்கறா, இன்னொருத்தன் சில்வர் டம்ளரை ஸ்பூனால தட்டறான், ஒடனே வசனத்தை மாத்தணும், "அம்மா வயிறு சரியில்ல", டிங், "அம்மா நான் கல்யாணம் பண்ணிகிட்டேன்". யோசிச்சு வெச்சது எல்லாம் ரெண்டு டிங்லயே காலி, மூணாவதா வர்றதுதான் சரக்கு, அதை கேட்டு அம்மாவா நடிக்கறவ அந்த நிமிஷமே ஆடிப் போகணும். இந்த மாதிரி கேம்ஸுக்கு அஸ்திவாரம் போட்டவங்க வயோலா ஸ்போலின்னு ஒரு அம்மா, சிகாகோல வெளிநாட்டுலேந்து குடியேறுன குடும்பத்து புள்ளைங்களோட வேலை பாத்தப்ப உருவாக்குனது, 1963ல புத்தகமா வந்துச்சு. அவங்க பையன் பால் சில்ஸ் கூட்டாளிங்களோட சேந்து 1959ல செகண்ட் சிட்டின்னு ஒரு காமெடி தியேட்டர் ஆரம்பிச்சாரு, அமெரிக்கால பெரிய பெரிய காமெடி ஆளுங்க அங்கேந்துதான் வந்தாங்க.

கலையான்னு கேட்டீங்க. மதுரை, புதுக்கோட்டை பக்கம் திருவிழால ஸ்பெஷல் நாடகம் பாத்திருக்கீங்களா? வள்ளி ஒரு ஊரு, நாரதர் ஒரு ஊரு, பபூன் வேற ஊரு, தேதி பேசி புக் பண்ணி அன்னிக்கு ராத்திரி மேடைலதான் ஒண்ணா சேருவாங்க. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதுன பாட்டும் கதையும் எல்லாருக்கும் மனப்பாடம், ஆனா வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்குற தர்க்கம் இருக்கே, எதிராளி என்ன கேக்கறாரோ அதுக்குத்தான் பதில், மணிக்கணக்கா போகும். அதை யாரும் ரிகர்சல் இல்லாத கூத்துன்னு தள்ளி வெக்கலியே. நம்ம பசங்களுக்கு அந்த மனப்பாடம் கூட கிடையாது, இன்னும் பேஜாரு.

கூட்டத்துக்கும் இதுல வேலை இருக்குண்ணே, நீங்க அதைப்பத்தி எழுதல. கீத் ஜான்ஸ்டன்னு ஒரு இங்கிலாந்துக்காரர், மல்யுத்தம் பாக்க வர்ற ஜனம் கத்தி கூப்பாடு போட்டு பாக்குறத பாத்துட்டு நாடகமும் இப்படி இருந்தா என்னன்னுதான் தியேட்டர்ஸ்போர்ட்ஸ்னு ரெண்டு டீம் மோதற மாதிரி ஒண்ண கொண்டாந்தாரு, 1977ல கனடா கால்கரில லூஸ் மூஸ்னு கம்பெனியும் ஆரம்பிச்சாரு. பாக்சிங் பரம்பரைங்க இருந்த ஊரு நம்மளுது, ரிங்கை சுத்தி நின்னு கத்த நமக்கு யாரும் சொல்லித்தர வேணாம். என்ன கத்தறோம்ங்கறதுலதான் கோட்டை விடறோம். எடம் சொல்லுங்கன்னா பாதி ஷோல மொத சத்தம் டாஸ்மாக், அடுத்தது பாத்ரூம், இல்லன்னா எவனாச்சும் ஒரு ஹீரோ பேரு. பசங்க பாவம், அன்னிக்கு பூரா குடிகாரனா தள்ளாடிட்டு வீட்டுக்கு போவாங்க. உங்களுக்கு ரேஷன் கடை கிடைச்சது அதிர்ஷ்டம், யாரு கத்துனாங்களோ அவங்களுக்கு ஒரு டீ வாங்கி குடுக்கலாம்.

பொண்ணுக்கு இது வருமான்னா, வந்துருச்சுண்ணே. அடுத்த ஷோக்கு கொஞ்சம் முன்னாடி போயி உக்காருங்க, எடம் கேட்டா டாஸ்மாக் காரன் வாயை தொறக்கறதுக்கு முன்னாடி "ஹார்பர் ஜீரோ கேட் ட்ரெய்லர் லைன்"னு கத்துங்க. டிரைவர் இருக்கான், கிளீனர் இருக்கான், ரெண்டு வண்டிக்கு நடுவுல டீ விக்கிறவர் இருக்காரு, பேப்பர் சரியில்லன்னு திருப்பி அனுப்பற ஆளு இருக்காரு, நாலு பேருக்கும் வேலை இருக்கு.