வாசகர் கேள்வி – பதில்: உலைக்குள் எதிரெதிரே இரு தகடுகள்

கேள்வி: மின் உலை ஒன்றை ஆன்சிஸ் மென்பொருளில் மாதிரியாக்கி வருகிறேன். 500 டிகிரி செல்சியஸில் உள்ள சதுர ஹீட்டர் தகட்டுக்கு எதிரே, அதன் பக்க நீளத்துக்குச் சமமான இடைவெளியில், அதே அளவுள்ள எஃகுத் தகடு இருக்கிறது. பரப்புகளுக்கிடையிலான கதிர்வீச்சைச் சேர்த்த பின்னும், தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) காட்டுவதைவிட மென்பொருளின் விடையில் அந்தத் தகடு வெகுவாகக் குளிர்ந்தே வருகிறது. பிழை எங்கே?

பதில்: முதலில் இரு பரப்புகளுக்கும் ஒரே என்க்ளோஷர் (தமக்குள் கதிர்வீச்சைப் பரிமாறும் பரப்புகளின் குழு) எண்ணைக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், எண் வேறானால் மென்பொருளின் கணக்கில் அவை ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. அது சரியாக இருந்தால், உங்கள் படத்தில் பக்கச் சுவர்கள் இல்லை என்பதே என் சந்தேகம்.

நீங்கள் சொல்லும் அமைப்பில் ஒரு தகட்டிலிருந்து மற்றொன்றுக்கான பார்வைக் காரணி ஏறக்குறைய 0.2 மட்டுமே, அதாவது ஹீட்டரின் முகத்திலிருந்து கிளம்பும் கதிர்வீச்சில் ஐந்தில் ஒரு பங்குதான் எஃகுத் தகட்டை நேராகச் சென்றடைகிறது. மீதி நான்கு பங்கும் பக்கவாட்டில் போகிறது. சுவர்களை வரையாமல் என்க்ளோஷரைத் திறந்ததாக விட்டால், அந்த நான்கு பங்கும் நீங்கள் கொடுத்த சுற்றுப்புற வெப்பநிலையிடம் போய்விடும். பலர் அந்த இடத்தில் மென்பொருள் தானாகப் போட்டிருக்கும் 22 டிகிரியை மாற்றுவதே இல்லை. உண்மையான உலையிலோ நன்கு காப்பிட்ட சுவர்கள் சூடேறி, வாங்கியதைத் திருப்பி அனுப்புகின்றன. தகடுகள் கரும்பரப்புகள் (தம்மீது விழும் கதிர்வீச்சு முழுவதையும் உட்கவர்பவை) என்றும், சுவர் வழியே வெப்பம் வெளியேறவில்லை என்றும் வைத்துக் கணக்கிட்டால், 0.2 என்பது 0.6 ஆகிறது. வித்தியாசம் மூன்று மடங்கு.

என்க்ளோஷரை மூடியதாக மாற்றிவிட்டால் போதுமே என்று தோன்றலாம். அப்போது மென்பொருள் பார்வைக் காரணிகளின் கூட்டுத்தொகையை வலிந்து 1 ஆக்கும். சுவரே இல்லாத படத்தில் அது விடையை மறுபக்கம் தவறாக்கும். சுவர்களை வரைவதே நேர்மையான வழி.

உமிழ்திறனையும், அதாவது கரும்பரப்போடு ஒப்பிட ஒரு பரப்பு எவ்வளவு பங்கு உமிழ்கிறது என்பதையும், கவனியுங்கள். மெருகேற்றிய எஃகுக்குரிய 0.1 போன்ற மதிப்பை, உலையில் ஆக்சைடு படிந்து கறுத்த தகட்டுக்குக் கொடுக்கலாகாது, அதற்கு 0.8 அளவில் தேவை. கையால் சரிபார்க்கும்போது கெல்வினுக்கு மாற்ற மறக்காதீர்கள்: 773 கெல்வினில் கரும்பரப்பு சதுர மீட்டருக்குச் சுமார் 20,200 வாட் உமிழும், வெறும் 500 என்று போட்டால் சுமார் 3,540 வாட்தான் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் பொருந்தவில்லையென்றால், தெர்மோகப்பிளைச் சந்தேகியுங்கள். அதன் முனை தகட்டில் பற்றவைக்கப்படாமல் இடைவெளியில் தொங்கினால், அதுவும் ஹீட்டரைப் பார்த்துச் சூடேறி, தகட்டின் வெப்பநிலையைவிடக் கூடுதலாகவே காட்டும்.